குட்டைப் பார்க் நாகாத்தா

இங்க நெழலுக்கு வா அம்மணி. வெயில்ல எதுக்கு நின்னுட்டிருக்க? ராகுகாலம் பத்தரைக்குத்தான். அதுக்கு முன்னாடி தண்டபாணி கோயில் பூட்டைத் தொறக்க மாட்டாரு. பால் சொம்பை இந்த பெஞ்சு மேல வை, ஆரும் தொட மாட்டாங்க. செருப்பை இப்புடி ஓரமா விடு. நான் இங்க கமிட்டிதான். தலைவி. உள்ள போர்டுல ருக்குமணி வேலுச்சாமின்னு பெரிய எழுத்துல போட்டிருக்கும் பாரு. வேண்டாம்னுதான் சொன்னேன். கேக்கலை.

ஜோசியர் அனுப்புனாரா? நாக தோசமா? மாப்பிள்ளை தட்டித் தட்டிப் போகுதாக்கும். செரி, அதுக்கெதுக்குத் தலையைக் குனியற? இங்க வர்ற புள்ளைகள்ல பாதிப்பேரு அதுக்குத்தான் வருது. எல்லாத்துக்கும் ஆயிருது. ஆகாதவங்க திரும்ப வந்து சொல்றதில்ல, அதனால எல்லாத்துக்கும் ஆயிருச்சுன்னுதான் நாங்க நெனைச்சுக்கறது.

எங்க வேலை பாக்கற? திருப்பூர்லயா. படிச்சது மட்டும் இந்த ஊரா? எந்த ஸ்கூலு? ரயில்வே கேட்டுக்கிட்ட இருக்குதே, அந்தப் பொம்பளப்புள்ளைக ஸ்கூலா? அப்ப உனக்கு ஃப்ளாரன்ஸ் டீச்சரைத் தெரிஞ்சிருக்கணுமே. உங்க கிளாஸுக்கு வந்தாங்களா? உங்களை இங்க கூட்டிட்டு வந்தாங்களா, குருவி காட்டறதுக்கு? அட பாவமே.

இதே எடந்தான் அம்மணி. எட்டி எட்டிப் பாக்காத. நீ பாத்த பொதரு இப்ப இல்ல. இதா, இந்த ஷெட்டு நிக்குதே, அந்த டைல்ஸு போட்ட எடம், அக்கட்ட கை கழுவற குழாய் வரைக்கும், எல்லாம் அதுதான். குட்டை மட்டும் இருக்குது. அந்தாண்ட கரையில நாணல் இருக்குது. அதும் இன்னும் எத்தன நாளைக்கோ.

உன்கிட்ட ஒண்ணு சொல்றேன். நீ திருப்பூருக்குப் போற புள்ள, இந்தத் தெருக்காரி இல்ல. இன்னிக்குப் பூசை முடிஞ்சதும் மாநகராட்சி இன்ஜினியர் தம்பி வர்றாரு. மீட்டிங்கு இருக்குது. அங்க எந்திரிச்சு நான் ஒரு விசயம் சொல்லணும். டீச்சருக்கு வாக்குக் குடுத்துட்டேன். அத்தன பேரு முன்னாடி சொல்றதுக்கு முந்தி ஆருகிட்டயாச்சும் ஒருக்கா சொல்லிப் பாத்துக்கிட்டா நாக்கு கொழறாதுன்னு தோணுது. கேக்கறியா?

டீச்சரும் நானும் ஒரே தெரு. அவங்க ரிட்டயர் ஆன நாள்ல இருந்து காலையில சேந்துதான் நடப்போம். எனக்கு சுகரு, நடந்தே ஆகணும். அவங்களுக்கு ஒண்ணுமில்ல, ஆனா அவங்க நடக்கறதும் இல்ல. நாலு எட்டு வெச்சா நின்னுருவாங்க. கழுத்துல அந்த பைனாகுலரு. 'ருக்கு, அங்க பாருங்க, ருக்கு இங்க பாருங்க'. ஒரு நாளு செம்போத்து ஒண்ணு பொதருக்குள்ள இருந்து தத்தித் தத்தி வந்துச்சு. செம்போத்தைப் பாத்தா அன்னிக்கு நல்லது நடக்கும்னு நான் சொன்னேன். 'எனக்கு எதைப் பாத்தாலும் நல்லதுதான்'னு சொல்லிச் சிரிச்சாங்க. அவங்களுக்கு வீட்டுல ஆரும் இல்ல அம்மணி. கல்யாணம் பண்ணிக்கல. உங்க ஸ்கூலும் இந்தப் பொதரும்தான். ஸ்கூலு முடிஞ்ச பொறவு பொதரு மட்டும்தான்.

அப்பத்தான் பார்க்கை மேம்படுத்தப் போறாங்கன்னு வந்துச்சு. பொதுமக்கள்கிட்ட கருத்துக் கேக்கறோம்னு கூப்பிட்டாங்க. அடேங்கப்பா, ஒவ்வொருத்தருக்கும் ஒரு ஆசை. தண்டபாணிக்கு ஷட்டில் கோர்ட்டு. ஆம்பளைகளுக்கு ஓப்பன் ஜிம்மு. எட்டுப் போட்டு நடந்தா சுகரு எறங்குதுன்னு எட்டு வடிவத்துல பாதை. புள்ளைகளுக்குச் சறுக்கு. எனக்கு பாத்ரூமு. சிரிக்காத அம்மணி, சுகர்க்காரிக்குத்தான் அது தெரியும். டீச்சருக்கு மட்டும் எதும் கட்ட வேண்டாம். 'குட்டைக்குப் பின்னாடி இருக்கற எடத்தை அப்படியே விட்டுடுங்க, வேலி போட்டு விட்டுடுங்க, வேற எதுவும் வேண்டாம்'னாங்க. அங்க கீரி குடும்பம் இருந்துச்சு, குருவி கூடு கட்டுச்சு, குட்டைக்குத் தண்ணி அந்தச் சரிவுல இருந்துதான் வருமாம்.

நாங்க ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டோம். எனக்குக் கூச்சம், அத்தன ஆம்பளைக முன்னாடி பாத்ரூமுன்னு எப்புடிக் கேக்கறது? அதனால டீச்சர் எந்திரிச்சு பாத்ரூமு கேட்டாங்க. நான் எந்திரிச்சு பொதரைக் கேட்டேன். டீச்சர் கேட்டா சும்மா படிச்சவங்க பேச்சுன்னு விட்டுருவாங்க, ருக்குமணியே கேக்கறான்னா விசயம் இருக்குதுன்னு நெனைப்பாங்கன்னு அவங்க கணக்கு. அப்புடியே ஆச்சு. இன்ஜினியர் தம்பி, அருண்மொழின்னு பேரு, நல்ல பையன். பிளான்ல பச்சைக் கலர் அடிச்சு 'இயற்கைப் பகுதி'ன்னு எழுதி எல்லாருக்கும் காட்டுனாரு. டீச்சர் அன்னிக்கு எனக்கு அன்னபூர்ணால காபி வாங்கிக் குடுத்தாங்க.

பாத்ரூமு வந்துருச்சு. அதா, அந்த நீலக் கதவு. நல்லாத்தான் வெச்சிருக்காங்க.

ஒரு சனிக்கிழமை காலையில வந்து பாக்கறோம், பொதருக்கு முன்னாடி ஜேசிபி நிக்குது. காண்ட்ராக்டருக்கு ஜல்லியும் மணலும் கொட்ட எடம் வேணும், இதைத் தட்டி விட்டுட்டா சௌரியம்னு நெனைச்சுட்டான். டீச்சர் போயி குறுக்க நின்னாங்க. பிளான்ல அப்புடி இல்லப்பான்னாங்க. அந்த டிரைவரு, 'எனக்கு பிளானெல்லாம் தெரியாதுங்க, தட்டச் சொன்னாங்க, தட்டறேன்'ங்கறான். இன்ஜினியர் தம்பி சொந்த ஊருக்குப் போயிட்டாரு, போனு கெடைக்கல. திங்கக்கிழமைதான் வருவாரு. திங்கக்கிழமை வந்து எதைப் பாக்கறது? டீச்சரைப் பாத்தேன். மொகம் வெளுத்துப் போச்சு. கையைப் பெசஞ்சுட்டு நிக்கறாங்க. அவங்களை நான் அப்புடிப் பாத்ததே இல்ல.

எனக்கு எப்புடித்தான் தோணுச்சோ. வேப்பமரத்துக்கடியில ஒரு கரையான் புத்து, இடுப்பு ஒசரம் இருக்கும். வீட்டுக்கு ஓடுனேன். மஞ்சப்பொடி, குங்குமம், ஒரு மஞ்சத்துணி, கற்பூரம். வாரிட்டு வந்தேன். புத்துக்கு மஞ்சளை அப்பி, குங்குமத்தை வெச்சு, துணியைச் சுத்தி, கற்பூரத்தைப் பொருத்திட்டு அந்த டிரைவரைப் பாத்துச் சொன்னேன், 'ஏப்பா, நாகாத்தா குடியிருக்கற எடம். கை வெக்கறதுன்னா வை. நான் சொல்றதைச் சொல்லிட்டேன்.'

அவன் வண்டியை அமத்திட்டான். கீழ எறங்குனான். செருப்பைக் கழட்டுனான். 'எனக்கு ரெண்டு பொட்டப்புள்ளைகங்க, நீங்க மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதுங்களா'ன்னு கன்னத்துல போட்டுக்கிட்டுப் போயிட்டான்.

டீச்சர் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டு முந்தானையை வாயில வெச்சுச் சிரிக்கறாங்க. தோளெல்லாம் குலுங்குது. 'ருக்கு, நீங்க பெரிய ஃப்ராடு'ன்னாங்க. நானும் சிரிச்சேன். அதுக்குள்ள பாம்பே கெடையாது அம்மணி. பக்கத்துலயே கீரி குடியிருக்குது, பாம்பு எங்க வரும்? சிரிச்சு முடிச்சுட்டு டீச்சர் சொன்னாங்க, 'திங்கக்கிழமை இன்ஜினியர் வந்ததும் இதைக் கழுவிடணும் ருக்கு. மறந்துடாதீங்க'. ஆகட்டும் டீச்சர்னேன்.

மறக்கல. திங்கக்கிழமை கொடத்துல தண்ணி எடுத்துட்டுத்தான் போனேன். இன்ஜினியர் வந்து காண்ட்ராக்டரைக் கண்டபடி சத்தம் போட்டு ஜேசிபியை அனுப்பிட்டாரு. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. புத்துக்கிட்டப் போறேன், ஆரோ மல்லிகைச் சரம் போட்டிருக்காங்க. ஒரு முட்டை வெச்சிருக்காங்க. ஊதுபத்தி எரிஞ்ச சாம்பலு. ஞாயித்துக்கிழமை ஒரே நாள்ல.

தண்ணியை ஊத்தறதுக்குக் கொடத்தைத் தூக்குனேன். கை வரலை அம்மணி. நீயே சொல்லு, வெச்ச குங்குமத்தை ஒரு சுமங்கலி தன்ற கையாலயே அழிப்பாளா? அதும் எப்ப? என்ற வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலின்னு அன்னிக்கு மத்தியானம் ஆசுபத்திரியில சேக்கறோம். ஸ்டென்ட் வெக்கணும்னு சொல்லியிருக்காங்க. அந்த நேரத்துல போயி குங்குமத்தைக் கழுவுன்னா? தண்ணியை வேப்பமரத்துக்கு ஊத்திட்டு வந்துட்டேன்.

டீச்சர்கிட்ட சொன்னேன். அவங்களுக்குக் கோவமில்ல. 'செரி விடுங்க, மழை வந்தா தானா கரைஞ்சிடும்'னாங்க. ஆசுபத்திரிக்கு என்கூட வந்தாங்க. அவரை உள்ள கூட்டிட்டுப் போன நேரம் முச்சூடும் என் பக்கத்துல உக்காந்திருந்தாங்க. அவங்க சாமியை அவங்க கும்பிட்டாங்க, என்ற சாமியை நான் கும்பிட்டேன். அவரு பொழைச்சு வந்துட்டாரு. நெசத்தைச் சொல்றேன், அன்னிக்கு நான் கும்பிட்டது மருதமலை முருகனை இல்ல. அந்தப் புத்தைத்தான். நானே மஞ்சப் பூசுன புத்து. அதுகிட்டயே போயி, தாயே காப்பாத்துன்னு வேண்டிட்டேன்.

மழை வர்றதுக்கு முன்னாடி தண்டபாணி தகரம் போட்டுட்டாரு.

தண்டபாணிதான் எங்க நடைபயிற்சி சங்கத்துச் செயலாளரு. கெட்டவருன்னு சொல்ல மாட்டேன். ஈபில இருந்து ரிட்டயர் ஆனவரு, சும்மா உக்கார முடியாது, அவ்வளவுதான். செவ்வாக்கெழமை கூட்டம் வந்துச்சு, வெள்ளிக்கெழமை கூட்டம் வந்துச்சு, வர்றவங்களுக்கு நெழலு வேணுமேன்னு தகரம் போட்டாரு. கால்ல முள்ளு குத்துதேன்னு டைல்ஸு. எட்டுப் பாதைக்கு வாங்குனதுல மிச்சம்னு காண்ட்ராக்டரே குடுத்தான். இயற்கைப் பகுதிக்குன்னு வந்த வேலிக்கம்பியைக் கோயிலைச் சுத்திக் கட்டுனாங்க. லைட்டு வந்துச்சு. மைக்கு வந்துச்சு. பொறவு ஒரு நாளு, இங்க பொதரா இருக்குதே, பாம்பு வந்து ஆரையாச்சும் கடிச்சுப் போட்டா என்ன பண்றதுன்னு ஒரு அம்மா கேட்டாங்க. எல்லாரும் ஆமா ஆமான்னாங்க. நாகாத்தாளைக் கும்பிட வர்றவங்க, பாம்புக்குப் பயந்துட்டுப் பொதரையெல்லாம் வெட்டிப்போட்டாங்க. சுத்திலயும் பினாயில் ஊத்துனாங்க.

அன்னிக்குக் கீரி ரெண்டும் ரோட்டைத் தாண்டிப் போச்சாம். டீச்சர் பாத்திருக்காங்க. எனக்கு போன் பண்ணி அதை மட்டும் சொல்லிட்டு வெச்சுட்டாங்க.

அப்ப என்னைய மடப்பள்ளிக்கு அரிசி அளந்து குடுக்க விட்டிருந்தாங்க. நான் என்னன்னு சொல்றது? நடக்கறதைப் பாத்துட்டுத்தான் இருந்தேன். ஒவ்வொண்ணா நடக்கறப்ப பெருசாத் தெரியல அம்மணி. தகரம்தானே, டைல்ஸுதானே, ஒரு செடிதானேன்னு இருந்துச்சு. ஒருக்கா திரும்பிப் பாத்தா ஒண்ணுமே இல்ல.

டீச்சர் மாநகராட்சிக்கு எழுதிப் போட்டாங்க. பிளான்ல பச்சை அடிச்ச எடத்துல ஷெட்டு இருக்குது, எடுத்துக் குடுங்கன்னு. அதுக்கு ஒரு மீட்டிங்கு. அதா, அந்த ஜிம்மு கம்பிக நிக்குதே, அங்கதான் சேர் போட்டு உக்காந்தோம். டீச்சர் எந்திரிச்சு நிதானமாத்தான் பேசுனாங்க. சாமியைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாப் பேசல. பின்னாடி இருந்து ஒருத்தன், இன்னிக்கு வரைக்கும் ஆருன்னு நான் திரும்பிப் பாக்கலை, 'அவங்க சாமியா இருந்தா இப்புடிச் சொல்லுவாங்களா? அவங்க சர்ச்சு ஒண்ணைப் போயி எடுக்கச் சொல்லட்டுமே'ன்னான்.

டீச்சர் நின்னுட்டே இருந்தாங்க. இந்த ஊர்ல எத்தன பேரு வீட்டுப் புள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் குடுத்தவங்க. ஒருத்தரும் வாயைத் தொறக்கல. அவங்க என்னைப் பாத்தாங்க.

நான் என்ற பையில கண்ணாடி டப்பாவைத் தேடிட்டிருந்தேன். நெசமாலுமே தேடுனேன் அம்மணி.

அப்ப இன்ஜினியர் தம்பி கேட்டாரு, இந்தப் புத்துக் கோயில் எப்ப இருந்து இருக்குதுங்கன்னு. தண்டபாணி எந்திரிச்சு, 'என்ற அப்பாரு காலத்துல இருந்தே இருக்குதுங்க. நடுவுல மறைஞ்சு கெடந்துச்சு. ருக்குமணியக்கா கண்ணுக்குத்தான் மொதல்ல பட்டுச்சு. அவங்களையே கேளுங்க'ன்னாரு. எல்லாரும் என்னைத் திரும்பிப் பாக்கறாங்க. நான் 'ம்'னு சொன்னேன்.

அவ்வளவுதான். 'ம்'. பொய் சொல்லல. மொதல்ல கண்ணுல பட்டது எனக்குத்தானே? அதுக்குத்தான் ம்-னேன். அப்பாரு காலம்னு நான் எங்கயும் சொல்லல. டீச்சர் பக்கத்துலதான் நின்னாங்க, அவங்களுக்குத் தெரியாததா? இந்தம்மாதான் குங்குமம் வெச்சாங்க, நான் கூட நின்னு பாத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சு போச்சு. அவங்களே சொல்லலையே. அவங்களே சொல்லாதப்ப நான் எதுக்குச் சொல்லணும்னுதான் அன்னிக்கு எனக்குத் தோணுச்சு.

அதுக்கப்பறம் டீச்சர் பார்க்குக்குள்ள வர்றதில்ல. அந்த மெயின் ரோட்டோரமாத்தான் நடக்கறாங்க. லாரியும் பஸ்ஸுமா, பொகையுமா. காலையில நான் பார்க் கேட்டுக்கிட்ட வர்றப்ப அந்தாண்ட போவாங்க. 'குட் மார்னிங் ருக்கு'ம்பாங்க. அதுதான் அம்மணி என்னால தாங்க முடியல. மொகத்தைத் திருப்பிட்டுப் போயிருந்தா, போனாப் போகட்டும்னு நானும் இருந்திருப்பேன். நான் இப்பெல்லாம் கொஞ்சம் லேட்டா வர்றேன்.

அவங்களுக்குச் செஞ்சது தப்புன்னு எனக்குத் தெரியாமயா இருக்குது? அதுக்குப் பரிகாரமும் பண்ணிட்டேன். காளஹஸ்திக்குப் போயி பூசை பண்ணிட்டு வந்தேன். இல்லாத சாமியை இருக்குதுன்னு சொன்ன தோசம் கழியட்டும்னு. என்ன கேக்கற? டீச்சர்கிட்டயா? மன்னிப்பா? இல்ல அம்மணி. அவங்க கேக்கவே இல்லையே. அங்கிருந்து அவங்களுக்கும் பிரசாதம் கொண்டாந்தேன். குடுக்கறதா வேண்டாமான்னு யோசிச்சு, கடைசியில நாங்களே சாப்பிட்டுட்டோம்.

போன மாசம் ஒரு டூவீலர்க்காரன் ஒரசிட்டுப் போயிட்டான். டீச்சர் கீழ விழுந்து கை முறிஞ்சு போச்சு. ரோட்டுல நடந்ததாலதானே? உள்ள நடந்திருந்தா ஆரு வந்து இடிக்கப் போறா? அந்தக் கட்டோட போன ஞாயித்துக்கிழமை என்ற வீட்டுக்கு வந்தாங்க. நான் பதறிப் போயிட்டேன். காபி வெச்சேன். டம்ளரை எடதுகையில புடிச்சுட்டு மெதுவாக் குடிச்சாங்க. என்ற வீட்டுக்காரரு ஒடம்பை விசாரிச்சாங்க. பொறவு சொன்னாங்க, 'ருக்கு, கோயிலுக்கு வர்றவங்க வண்டி நிறுத்த எடம் பத்தலையாம். நாணல் கரையை மண்ணடிச்சு மூடப் போறாங்க. வெள்ளிக்கிழமை மீட்டிங்காம். அதுதான் மிச்சம் இருக்கறது. நீங்க வெச்ச குங்குமம்னு நீங்க சொல்லிடுங்க'.

நான் கேட்டேன், ஏன் டீச்சர், அன்னிக்கே நீங்க சொல்லியிருக்கலாமேன்னு. 'நான் சொன்னா அது வேத்துச் சாமிக்காரி சொல்ற புகாரு. நீங்க சொன்னாத்தான் நம்புவாங்க. அதோட, உங்களை அவங்க என்ன சொல்லுவாங்களோன்னு பயந்துட்டேன்'னாங்க. எனக்காகப் பயந்தாங்களாம். அவங்களை அத்தன பேரு முன்னாடி அப்புடிச் சொன்னதுக்கப்பறமும் எனக்காகப் பயந்திருக்காங்க. நான் பாத்திரம் வெளக்கற சாக்குல அடுக்களைக்குப் போயி அழுதுட்டு வந்தேன். சொல்றேன் டீச்சர்னு சொல்லிட்டேன்.

சொல்லிட்டேனே தவிர, பயமா இருக்குது. தண்டபாணிக்குப் பயமில்ல. ஊருக்குப் பயமில்ல. செரி, ஊருக்கும் பயம்தான். ஆனா அது கெடக்கட்டும். அந்தப் புத்துக்குத்தான் பயப்படறேன். இல்லைன்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போறப்ப அவருக்கு மறுக்கா நெஞ்சு வலிச்சா? மாத்திரையிலதான் நல்லா இருக்காருன்னு டாக்டர் சொல்றாரு. இருக்கலாம். நான் எதைத்தான் நம்பறது? நானே வெச்சது, எனக்கே அதுகிட்ட பயமா இருக்குதுன்னா சிரிப்பு வருதில்ல உனக்கு? சிரி. பரவால்ல.

நீ உன்ற வேண்டுதலை நிறுத்த வேண்டாம். நம்பி வந்திருக்க, பாலை ஊத்திட்டுப் போ. உன்ற வேண்டுதல் பொய்யில்லையே.

செரி, எப்புடிச் சொல்லப் போறேன்னு கேளு. எந்திரிச்சுக் கும்பிடு போடுவேன். 'எல்லாருக்கும் வணக்கமுங்க. இந்தப் புத்துக்கு மொதமொதல்ல மஞ்சளும் குங்குமமும் வெச்சது நான்தானுங்க. ஜேசிபியை நிறுத்தறதுக்காக வெச்சேன். அதுக்கு முன்னாடி இங்க கோயிலும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஃப்ளாரன்ஸ் டீச்சர் சொன்னது அத்தனையும் நெசம். அவங்களைப் பேசுன பேச்சுக்கு நான்தான் காரணம். நாணலை விட்டுருங்க.' எப்புடி இருக்குது? நல்லா வந்துச்சில்ல? பாரு, நாக்குக் கொழறவே இல்ல. நீ முன் வரிசையில உக்காந்துக்க அம்மணி. உன்ற மொகத்தைப் பாத்துட்டே மடமடன்னு சொல்லிப் போடறேன். உனக்குப் புண்ணியமாப் போகும்.

இரு, ஆரோ வர்றாங்க. தண்டபாணி. கூட இன்ஜினியர் தம்பி. இப்பவே எதுக்கு வந்திருக்காங்க?

வாங்க தண்டபாணி. வாங்க தம்பி, நல்லா இருக்கறீங்ளா? பூசைக்கப்பறம்னு சொன்னாங்களே. அப்புடியா, மீட்டிங்கு வேண்டாம்னு ஆயிருச்சா? என்னையக் கேட்டாப் போதுமா? கேளுங்க தம்பி. மேல இருந்து கேட்டிருக்காங்களா. கோயிலு திட்டத்துக்கு முந்தியே இருந்ததா, பொறவு வந்ததான்னா? பொறவு வந்ததுன்னா நாணல் கரையைத் தொடக்கூடாதா. முந்தியே இருந்ததுன்னா வண்டி நிறுத்தத்துக்குக் குடுத்துருவீங்களா. நான் சொல்றதைத்தான் எழுதப் போறீங்களா.

இந்தப் புள்ள ஆருங்களா? திருப்பூருங்க. சாமி கும்பிட வந்திருக்குது. சும்மா பேசிட்டிருந்தோம்.

இல்லீங் தம்பி, ஒண்ணும் யோசிக்கலை. வெயிலு. அதான் கண்ணு கூசுது.

முந்தியே இருந்ததுதானுங்க. ஆமாங்க. ரொம்பப் பழசுதான். தண்டபாணி சொன்னா செரியாத்தான் இருக்கும். எழுதிக்கங்க தம்பி. இல்லீங், வேற ஒண்ணும் சொல்றதுக்கில்ல. நீங்க போயி கரையை அளங்க. நான் இங்கயே இருக்கறேன்.

போயிட்டாங்க. உக்காரு அம்மணி. என்ன எந்திரிச்சுட்ட? மீட்டிங்குன்னா சொல்லியிருப்பேன். மீட்டிங்குக்குத்தானே நான் தயார் பண்ணி வெச்சிருந்தேன்? இப்புடி நின்ன நெலையில வந்து கேட்டா மனுசிக்கு என்ன வரும்? டீச்சர்கிட்ட அப்புடித்தான் சொல்லணும். மீட்டிங்கே நடக்கல டீச்சர்னு.

கோயில் நடை அந்தப் பக்கம் அம்மணி. அங்க எதுக்குப் போற? இன்ஜினியர் தம்பி கரைக்குப் போறாரு, அவருகிட்ட உனக்கு என்ன? தண்டபாணி பாக்கறாரு. அம்மணி. நில்லு. நீ சொன்னா நம்ப மாட்டாங்க, நீ வெளியூரு. நில்லுன்னு சொல்றேன்ல.

செரி, போ. போயிச் சொல்லு. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராத.